ஓட்டை போட்டா, கிழித்தா? கர்ப்பப்பை ஆபரேஷன் பற்றி

கார்த்திகைக் கடைசியில் ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். காபித் தோட்டத்தில் பழம் பறிப்பவர், 46 வயது, எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் ஒருவருக்கு உறவு. கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் சுருட்டி வைத்த ஸ்கேன் ரிப்போர்ட். உட்கார்ந்ததும் கேட்டார். "டீச்சர், கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. லேசர்ல செய்யறது நல்லதுங்களா, கிழிச்சுச் செய்யறது நல்லதுங்களா? இப்போ பழம் பறிக்கிற சமயம். எதுல சீக்கிரம் எந்திரிக்கலாமோ அதைச் சொல்லுங்க."

நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 28 வருஷம் உயிரியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். அந்த ஒரு காரணத்துக்காகவே தெருவில் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் ரிப்போர்ட் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். எது வேண்டும் என்று முடிவு சொல்வது என் வேலையில்லை. ஆனால் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்பது என்றாவது தெரிய வேண்டுமே. அன்று அவருக்கு நோட்டில் படம் போட்டுச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 'லேசர்'. நம் பக்கம் சின்ன ஓட்டை போட்டுச் செய்கிற எல்லா ஆபரேஷனுக்கும் லேசர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அதில் பெரும்பாலும் லேசர் எதுவும் கிடையாது. லேப்ராஸ்கோப் என்ற மெல்லிய நீளக் குழாய் ஒன்று வயிற்றுக்குள் போகும். அதன் வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது, உள்ளே இருப்பது கேமரா வழியாக டிவி திரையில் தெரிகிறது. அறுப்பதும், இரத்தக் குழாயைச் சுட்டு அடைப்பதும் பெரும்பாலும் மின்சாரச் சூட்டில் இயங்கும் கருவிகள். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் லேசர் என்று சொன்னதுமே கத்தி படாது, ஏதோ ஒளி பட்டு எல்லாம் கரைந்துபோகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பின்னால் வருகிற தொந்தரவு பாதி அந்த நினைப்பில்தான் ஆரம்பிக்கிறது.

சரி, எடுக்கப்போகும் பொருளைப் பார்ப்போம். கர்ப்பப்பை சாதாரணமாக ஒரு சின்னப் பேரிக்காயைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும், நீளம் 7, 8 சென்டிமீட்டர். காம்புப் பக்கம் கீழே இருக்கிறதே, அதுதான் கர்ப்பப்பை வாய். பிறப்புறுப்புப் பாதையின் மேல் நுனியில் அது நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல். இரண்டு பக்கமும் நாடா கட்டியது போலத் தசைநார்கள், அவற்றை ஒட்டிச் சினைப்பைகள். பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய இரத்தக் குழாய் வந்து சேர்கிறது. அந்த இரத்தக் குழாய்க்குக் கீழே, சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்குப் போகிற மெல்லிய சிறுநீர்க்குழாய் புகுந்து ஓடுகிறது. ஊருக்குள் பாலத்துக்கு அடியில் திருமணிமுத்தாறு போகிறதே, அப்படி. பாலத்தை அறுக்க வேண்டும், ஆற்றில் கை படக்கூடாது. கர்ப்பப்பை வாய்க்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே இருப்பது சுமாராக 2 சென்டிமீட்டர். எத்தனை வருஷம் அனுபவம் உள்ள டாக்டரும் இந்த இடத்துக்கு வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார் என்று என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது தியேட்டர் நர்ஸ், சொன்னாள்.

ஆபரேஷன் என்பது இவ்வளவுதான்: பக்கத்து நாடாக்களை அறுத்து விடுவிப்பது, இரத்தக் குழாய்களை அடைப்பது, முன்னால் ஒட்டியிருக்கும் மூத்திரப்பையைக் கீழே தள்ளிவிடுவது, கர்ப்பப்பை வாயைச் சுற்றி வட்டமாக அறுத்து எடுப்பது, திறந்துபோன பாதையின் மேல் நுனியைத் தைத்து மூடுவது. எந்த வழியில் உள்ளே போனாலும் உள்ளே செய்கிற வேலை இதேதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் இதற்கு வருவேன்.

கிழித்துச் செய்வதில் அடிவயிற்றில் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை ஒரு கீறல். உள்பாவாடை நாடாவுக்குக் கீழே மறைந்துபோகிற மாதிரி குறுக்கே போடுவது ஒரு வகை. 1900-இல் ஃபானன்ஸ்டீல் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதி வைத்த முறை அது, இன்றைய சிசேரியன் கீறலும் கிட்டத்தட்ட அதுதான். கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, புற்றுநோய் என்று சந்தேகம் இருந்தாலோ தொப்புளுக்குக் கீழே நெடுக்காகப் போடுவார்கள். தோல், கொழுப்பு, கெட்டியான உறை, தசை, உள்சவ்வு என்று அடுக்கடுக்காகத் திறந்து போக வேண்டும். டாக்டர் நேரில் பார்க்கலாம், கையால் தொட்டு உணரலாம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தும் இதைச் செய்ய முடியும். இத்தனை அடுக்குகளைத் திறப்பதற்குக் கொடுக்கும் விலை வலிதான். இருமினால் வலிக்கும், சிரித்தால் வலிக்கும், படுக்கையிலிருந்து எழுந்திருக்க ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் 3 முதல் 5 நாள்.

துளை வழி ஆபரேஷனில் தொப்புள் பக்கம் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளை, அடிவயிற்றில் அரை சென்டிமீட்டரில் இன்னும் இரண்டு மூன்று. வயிறு சாதாரணமாகத் தட்டையாக ஒட்டிக்கிடக்கும். உள்ளே கருவி அசைய இடம் வேண்டாமா? அதற்காகக் கார்பன் டை ஆக்ஸைடை ஏற்றி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். ஏன் அந்த வாயு என்று வகுப்பில் கேட்டிருந்தால் இரண்டு மார்க் கேள்வி: அது தீப்பிடிக்காது, இரத்தத்தில் எளிதாகக் கரையும், மூச்சோடு வெளியே போய்விடும். சுடுகிற கருவியை உள்ளே வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு முதல் காரணம் ஒன்றே போதும். அப்புறம் கட்டிலைத் தலைப்பக்கம் தாழ்த்திச் சரிப்பார்கள், குடல் நெஞ்சுப் பக்கம் ஒதுங்க இடுப்பு எலும்புக் குழி காலியாகும். தலை தாழ்ந்து, வயிறு உப்பிக் கிடப்பதால் முழு மயக்கம் கொடுத்து மூச்சுக் குழாய் வைத்துத்தான் செய்வார்கள். இதய நோயோ கடுமையான நுரையீரல் கோளாறோ இருப்பவருக்கு இந்த நிலை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மயக்க மருந்து டாக்டர் நீளமாகக் கேள்வி கேட்பது அதற்காகத்தான், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

இப்படிச் செய்தவர்களில் பலருக்கும் மறுநாள் தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் ஆபரேஷன், தோளில் வலி என்றால் பயப்படாமல் என்ன செய்வார்கள்? மீதமிருக்கும் வாயு உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையை, உறுத்துகிறது. அந்தத் தசைக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது, தோளின் தோலுக்கும் அதே பக்கத்திலிருந்துதான் நரம்பு. மூளைக்கு ஆள் அடையாளம் மாறிப்போகிறது. எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் சரியாகும்.

ஏற்காட்டு அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு மிகச் சரியான கேள்வி ஒன்றைக் கேட்டார். "அது சரிங்க டீச்சர், அரை சென்டிமீட்டர் ஓட்டை வழியா அம்மாம் பெரிய பையை எப்படி வெளியே எடுப்பாங்க?"

அந்த ஓட்டை வழியாக எடுப்பதில்லை. உள்ளே எல்லாம் அறுத்து விடுவித்த பிறகு குழந்தை பிறக்கிற அதே பாதை வழியாகக் கீழே இறக்கிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பாதையின் மேல் நுனியைத் தைக்கிறார்கள். பேரிக்காய் அளவு என்றால் சிரமமில்லை. ஆனால் நார்க்கட்டிகள், அதாவது புற்று இல்லாத சதைக்கட்டிகள், முளைத்துப் பை மல்கோவா அளவுக்கோ, இன்னும் பெரிதாகவோ ஆகியிருந்தால்? டாக்டர்கள் அந்த அளவை "12 வாரம்", "16 வாரம்" என்று கர்ப்பக் கணக்கில் சொல்வார்கள். மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் இதைக் கேட்டுத் திடுக்கிட்டவர்கள் உண்டு. கர்ப்பம் ஒன்றும் இல்லை, அந்த வாரத்துக் கர்ப்பம் எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவு பெரிது என்று அர்த்தம். அப்படிப் பெரிதானதைத் துண்டு துண்டாக்கித்தான் எடுக்க முடியும். வேகமாகச் சுழலும் கத்தி உள்ள இயந்திரத்தை வயிற்றுக்குள் விட்டுத் துண்டாக்குவது ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்தது. நார்க்கட்டி என்று நினைத்தது மிக அரிதாகப் புற்றாக இருந்துவிட்டால் அந்தத் துகள்கள் வயிறு முழுக்கச் சிதறுமே என்று 2014-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதன்பின் உள்ளேயே ஒரு பையில் போட்டு, பைக்குள் வைத்துத் துண்டாக்கும் வழக்கம் பரவியது. உங்களுடைய கட்டி பெரிது என்றால், "துண்டாக்கி எடுப்பீர்களா, பைக்குள் வைத்தா?" என்று கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

சரி, எது நல்லது?

வெளிக் காயத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் துளை வழிதான் முன்னால் நிற்கிறது. வலி குறைவு, இரத்த இழப்பு குறைவு, தையலில் சீழ் பிடிப்பது குறைவு, பிற்காலத்தில் கீறல் வழியாகக் குடல் பிதுங்குவதும் குறைவு. ஒன்று இரண்டு நாளில் வீடு, இரண்டு முதல் நான்கு வாரத்தில் சின்னச் சின்ன வேலை. கிழித்துச் செய்தவருக்கு அந்த நிலை வர ஆறு வாரம், எட்டு வாரம் ஆகலாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் பெரிய கீறல் ஆறாமல் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் முன்னே சொன்னேனே, உள்ளே செய்கிற வேலை ஒன்றுதான் என்று. உள்காயத்துக்கு வெளியே எத்தனை துளை இருக்கிறது என்று தெரியாது. பாதையின் மேல் நுனியில் போட்ட தையல் ஆற ஆறு வாரமாவது ஆகும், எந்த வழியில் செய்திருந்தாலும். என் சித்திக்கு 1994-இல் நெடுக்குக் கீறல் போட்டு எடுத்தார்கள். எழுந்து உட்காரவே நாலு நாள். பாட்டி மூன்று மாதம் தறிக்குழியில் கால் வைக்க விடவில்லை. சித்தி அதன்பின் பல வருஷம் தறி நெய்தார். என் அண்ணிக்குப் பதினைந்து வருஷம் முன்னால் துளை வழியில் நடந்தது. மூன்றாம் நாள் சமையலறையில் நின்றார். "சின்ன ஓட்டைதானே, என்ன பெரிசா" என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான். பன்னிரண்டாம் நாள் தெருக் குழாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கிவந்தார். அன்று இராத்திரி இரத்தப்போக்கு. ஆட்டோவில் ஓடி, மீண்டும் மயக்கம் கொடுத்துத் தையல் போட வேண்டியதாயிற்று. அந்த ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. வலி இல்லாததுதான் ஏமாற்றியது. கிழித்த வயிறு "தூக்காதே" என்று தானே அதட்டும், துளை போட்ட வயிறு வாய் திறக்காது. உள்தையல் விட்டுப்போவது மொத்தத்தில் அபூர்வம்தான், ஆனால் அது நேர்ந்தவர்களில் துளை வழிக்காரர்கள் அதிகம் என்று பிற்பாடு படித்தபோது அண்ணியை நினைத்துக்கொண்டேன். குடம், மாவு மூட்டை, பேரக்குழந்தை எதுவானாலும் ஆறு வாரம் கையில் எடுக்கக் கூடாது. தாம்பத்தியமும் அதுவரை வேண்டாம், டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான்.

இன்னொரு விஷயம் செய்கிற கை. லேப்ராஸ்கோப் வழியாகக் கர்ப்பப்பையை முதன்முதலில் எடுத்தவர் ஹாரி ரைக், 1988-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். இந்த முறை பரவிய முதல் சில வருஷங்களில் சேர்ந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு 2004-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. துளை வழியில் பெரிய சிக்கல் ஏற்பட்டவர்கள் நூற்றுக்கு சுமார் 11 பேர், கிழித்துச் செய்ததில் சுமார் 6 பேர். மூத்திரப்பைக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் அடிபடுவது துளை வழியில் கூடுதலாக நடக்கலாம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துப் பின்னால் வந்த தொகுப்புகளும் காட்டின. வலியும் ஓய்வுக் காலமும் குறைவு என்றும் அதே ஆய்வுகள் சொல்கின்றன. திரையைப் பார்த்து, நீளக் குச்சிகளால் தைப்பது பழகி வர நாளாகும் வித்தை. எனவே "இந்த முறையில் வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" என்ற கேள்வி துளையின் எண்ணிக்கையை விட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். கேட்கக் கூச்சமாக இருந்தால் கூட வருகிறவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

புற்றுநோய் என்றால் கணக்கே வேறு. கர்ப்பப்பை வாயில் ஆரம்பநிலைப் புற்றுநோய் உள்ள 631 பெண்களை வைத்து நடந்த சர்வதேச ஆய்வு 2018-இல் வெளியானது. சுற்றியுள்ள திசுவையும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷன் அது. நாலரை வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கிழித்துச் செய்ததில் நூற்றுக்கு 96.5, துளை வழியிலும் ரோபோ வழியிலும் செய்ததில் 86. உலகமே எதிர்பார்த்தது வேறு. அதற்குப் பிறகு அந்த நோய்க்குப் பழைய கீறலுக்கே திரும்பினார்கள். கர்ப்பப்பையின் உட்புறப் படலத்தில் வரும் புற்றுநோய்க்கு இப்படி இல்லை, அங்கே துளை வழி ஒப்புக்கொள்ளப்பட்டதுதான். ஆகையால் டாக்டர் "பெரிய கீறல் போட வேண்டும்" என்றால் உடனே அவரைப் பழைய காலத்து ஆள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கீறலும் இல்லாமல் துளையும் இல்லாமல் மூன்றாவது வழி ஒன்று உண்டு, யாரும் அதைக் கேட்பதில்லை. முழுவதையும் கீழ்வழியாகவே செய்வது. அடி இறங்கியவர்களுக்கு, அதாவது கர்ப்பப்பை தளர்ந்து கீழே தள்ளியவர்களுக்கு, பெரும்பாலும் இதுதான். வயிற்றில் ஒரு தழும்பு கூட இருக்காது. முடிகிறவர்களுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்கலாம் என்று 2015-இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொன்னது. பை மிகப் பெரிதாக இருந்தாலோ, உள்ளே ஒட்டியிருந்தாலோ பெரும்பாலும் முடியாது.

வழியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் சினைப்பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, அதுதான் எனக்கு ஆறாத வருத்தம். "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்பார்கள். எல்லாம் என்றால் எது? கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதப்போக்கு நிற்கும், ஆனால் சினைப்பைகள் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். சினைப்பை இரண்டையும் சேர்த்து எடுத்தால் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பு. உடம்பு தகிப்பு, தூக்கமின்மை, கொஞ்ச வருஷத்தில் எலும்புத் தேய்வு. கையெழுத்துப் போடும் தாளில் எதை எடுக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கும், படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எடுத்தே ஆக வேண்டுமா? பாட்டிமார் பெரும்பாடு என்று சொல்லும் அதிகப் போக்குக்கு மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, கட்டியை மட்டும் எடுக்கலாம். மாதவிடாய் நிற்கிற வயது நெருங்கியவருக்கு நார்க்கட்டி பிறகு தானே சுருங்கும், பொறுத்துப் பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்தது, அதை மாநிலங்கள் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று போன 35 வயதுக்காரியிடம் "எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள். சேலம் ஜி.எச்., அதாவது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது, சீட்டுப் போட்டுக் காட்டலாம். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த ஆஸ்பத்திரியில் எந்த முறைக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தனியாரில் துளை வழிக்குச் செலவு கூடுதலாகவே இருக்கும், கருவிகளின் விலை அப்படி.

ஏற்காட்டு அம்மாவுக்குப் பை 14 வாரம், ஏற்கெனவே இரண்டு சிசேரியன், மாத்திரை பலிக்கவில்லை, இரத்தம் குறைந்து கண் வெளுத்திருந்தது. டாக்டர், துளை வழியில் ஆரம்பிப்பேன், உள்ளே ஒட்டியிருந்தால் திறந்துவிடுவேன் என்றாராம். இவரும் ஒப்புக்கொண்டார். பழைய சிசேரியன் தழும்பில் மூத்திரப்பை கர்ப்பப்பையோடு ஒட்டிப்போவது சகஜம். இவருக்கும் அப்படித்தான். நடுவில் திறந்தார்கள். பார்க்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஓட்டையும் போட்டு, கிழிச்சும் போட்டாங்க டீச்சர். சரியாப் பண்ணத் தெரியல போல." தெரிந்ததால்தான் திறந்தார், இருட்டில் இழுத்துக் கிழிக்காமல் நிறுத்தினார் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து மீண்டும் பாலத்தையும் ஆற்றையும் படம் போட வேண்டியிருந்தது.

ஊருக்கு அனுப்பும்போது பஸ் வேண்டாம், காரிலேயே மெதுவாகப் போங்கள், இருபது கொண்டை ஊசி வளைவு என்று சொன்னேன். காய்ச்சல், நாப்கின் நனைகிற அளவு இரத்தம், தன்னறியாமல் கீழே நீர் கசிவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, வயிறு உப்பி வாந்தி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் இறங்கி வந்துவிட வேண்டும் என்று அவர் மகளிடம் எழுதிக் கொடுத்தேன். எதுவும் வரவில்லை. பழம் பறிப்பு இவர் இல்லாமலே முடிந்தது.

மாசி பிறந்ததும் போன் வந்தது. "டீச்சர், ஆறு வாரம் ஆச்சு. மிளகு பறிக்க ஏணி ஏறலாங்களா?"

"டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்போ இன்னும் ஏணி கிட்ட போகாதீங்க."